மியூரியல் மெக்கே கேஸ்: கடத்தினவன் அம்பிட்டான், ஆள மட்டும் இன்னும் காணல

1969 டிசம்பர் 29, திங்கக்கிழமை. லண்டன் விம்பிள்டன்ல ஆர்தர் ரோட். அலிக் மெக்கே இரவு 7.45 போல வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறார், பெல் அடிக்கிறார், உள்ளுக்கு ஒரு அசுமாத்தமும் இல்ல. சில மாசத்துக்கு முதல் அந்த வீட்டுல கள்ளன் பூந்ததால மனுசி எப்பவும் கதவுக்கு சங்கிலி போட்டுத்தான் வச்சிருப்பா. அண்டைக்கு சங்கிலியும் இல்ல ஒண்டும் இல்ல, தள்ளினதும் கதவு திறக்குது. உள்ள போனா ஹேண்ட்பேக்ல இருந்த சாமான் எல்லாம் மாடிப்படியில கொட்டிக் கிடக்கு, போன் வயரோட பிடுங்கிக் கிடக்கு, நகை கொஞ்சம் இல்ல. குளிருக்கு மூட்டின நெருப்பு இன்னும் எரியுது, நாய் அதுக்குப் பக்கத்துல சும்மா படுத்திருக்கு. அந்த வீட்டுக்குரியது இல்லாத சாமானும் கிடக்கு: கயிறு, பிளாஸ்டர், ஒரு பழைய பேப்பர், அதோட வேலி வெட்டுற வளைஞ்ச கத்தி ஒண்டு, நம்மட பக்கம் காட்டுக்கத்தி எண்டு சொல்லுவமே கிட்டத்தட்ட அந்த வகை.

மனுசி மியூரியல் மெக்கே, 55 வயசு, அவுஸ்திரேலியா அடிலெய்ட்ல பிறந்தவ. வீட்டு வேலைக்கு வாற அம்மாவ பின்னேரம் கார்ல கொண்டுபோய் விட்டுட்டு திரும்பி வீட்டுக்கு வந்திருக்கா. அதுக்குப் பிறகு அவவ உயிரோட பாத்தது கடத்தினவங்க மட்டும்தான்.

இந்த கேஸ் பத்தி எழுதுற ஆக்கள் எல்லாரும் கப்பம், போன் கோல், மில்லியன் பவுண் எண்டு அந்தப் பக்கமே போயிருவாங்க. எனக்கு இதுல பெரிய விசயம் வேற. 40 நாள்ல குற்றவாளிய புடிச்ச கேஸ் இது, ரேகை இருக்கு, கையெழுத்து இருக்கு, கார் நம்பர் இருக்கு, கோர்ட்டுல தீர்ப்பும் வந்திட்டு, ஆனா அந்த மனுசி எங்க எண்ட ஒரு கேள்விக்கு 50 வருசம் தாண்டியும் பதில் இல்ல. விசாரணை முழுக்க கப்பக் காச எடுக்க வாறவன புடிக்கிறதுக்கே ஓடிச்சு, மனுசிய தேடுறது ரெண்டாவது சோலியா போயிட்டு எண்டுதான் நான் நினைக்கிறன். கடைசி வரைக்கும் வாசிச்சிட்டு நீங்களும் சொல்லுங்க.

வயசான பொம்புள ஒராள காணல எண்டா தானா போனாவா, நினைவு தடுமாறி போனாவா, யாரும் கொண்டு போனாங்களா எண்டு மூண்டு பக்கமும் பாக்கணும், அது சரிதான். ஆனா இந்த வீட்டப் பாத்தா முதல் ரெண்டும் நிக்காது. தானா போற மனுசி தன்ட போன பிடுங்கிட்டா போவா? சாமான படியில கொட்டிட்டா போவா? கார் நிக்குது, நெருப்பு எரியுது. அப்படி இருந்தும் வந்த பொலிசுக்கு முதல்ல நம்பிக்கை இல்ல. காரணம் புருசன்ட வேலை. அலிக் மெக்கே 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பேப்பர்ல ரூபர்ட் மேர்டொக்குக்கு அடுத்த இடத்துல இருந்தவர். மேர்டொக் அந்த வருசம்தான் அந்தப் பேப்பர வாங்கி, நவம்பர்ல 'சன்' பேப்பரையும் புதுசா இறக்கியிருந்தார். அதனால இது பேப்பர் விக்கிறதுக்கு இவங்களே போடுற நாடகமா இருக்குமோ எண்டு ஒரு சந்தேகம். சந்தேகப்படுறது பொலிஸ்ட வேலைதான், குறை சொல்லல, புருசனையும் முதல் பாக்கத்தான் வேணும். ஆனா சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்ட பூட்டி, ஆக்கள வெளிய நிப்பாட்டி, தடயத்த காப்பாத்தியிருக்கலாம்தானே. பொலிஸ், சொந்தக்காரர், பேப்பர்காரர் எண்டு வந்து போற இடமா மாறிட்டு அந்த வீடு.

நம்மட மட்டக்களப்புப் பக்கத்த எடுத்துப் பாருங்க, ஆரையம்பதியிலயோ களுவாஞ்சிக்குடியிலயோ ஒரு வீட்டுல அம்மாவ காணல எண்டு சத்தம் கேட்டா அரை மணித்தியாலத்துல தெருவே உள்ளுக்கு நிக்கும். ஒராள் டீ ஊத்துவா, ஒராள் கொட்டிக் கிடக்கிறத அள்ளி ஒழுங்கா வைப்பா, யாராவது ஒரு மாமி விளக்குமாறு எடுத்து ஹோலையும் கூட்டிருவா, பாவம் நல்ல மனசோடதான். பிள்ளைகள் சுவிஸ்லயும் கனடாவுலயும் இருக்க அம்மா காப்போட சங்கிலியோட தனிய இருக்கிற வீடு இப்ப எவ்வளவு எண்டு சொல்லத் தேவையில்ல. 24 மணித்தியாலம் பாத்துட்டு பொலிசுக்கு போவம் எண்டு ஒரு கதையும் ஊருக்குள்ள சுத்துது. அத நம்பி இருக்காதீங்க, வீட்டுல இப்படி அலங்கோலம் கிடந்தா அந்த நிமிசமே 119க்கு அடிச்சு, ஸ்டேசன்ல என்ட்ரி போட்டு, பொலிஸ் வந்து பாக்கும் மட்டும் எல்லாரையும் முத்தத்துல நிப்பாட்டுங்க. மாமி கோவிச்சா கோவிக்கட்டும்.

சரி கேசுக்கு வருவம். அண்டு நடுச்சாமம் தாண்டி 1.15 போல கோல் வருது. எப்பிங் எண்ட இடத்துல ரோட்டோர போன் பெட்டியில இருந்து, ஒப்பரேட்டர் ஊடாக வந்த கோல். நாங்க அமெரிக்க மாஃபியா குரூப் 3, எம் 3, எண்டு ஒருத்தன் சொல்லுறான். மேர்டொக்ட மனுசியத்தான் தூக்க வந்தோம், அவ அம்பிடல, அதால உங்கட மனுசிய எடுத்திட்டம், புதன்கிழமைக்குள்ள ஒரு மில்லியன் பவுண் வேணும், இல்லாட்டி கொல்லுவம். இதான் சாரம்.

இந்த ஒரு கோலுக்குள்ள கேஸ்ட பாதி இருக்கு. ஆள் மாறிப் போச்சு எண்டு அவனே சொல்லுறான். அப்ப கேக்க வேண்டிய கேள்வி, மேர்டொக்ட மனுசிய தேடினவன் எப்படி மெக்கே வீட்டுக்கு வந்தான்? அதுக்கு ஒரே பாலம்தான் இருக்கு, கார். மேர்டொக் குடும்பத்தோட நத்தார் லீவுக்கு அவுஸ்திரேலியா போகக்க கம்பெனி ரோல்ஸ் ரொய்ஸ அலிக் மெக்கேக்கு குடுத்துட்டுப் போயிருந்தார். கடத்தினவங்க மேர்டொக்க டிவியில பாத்து, பெரிய காசுக்காரன் எண்டு கணக்குப் போட்டு, அந்தக் கார பின்தொடர்ந்து வந்திருக்காங்க, கார் நிண்ட வீடு மேர்டொக் வீடு எண்டு நம்பியிருக்காங்க. அதுக்கு முதல் டிசம்பர் 19 அளவுல லண்டன் கவுன்ட்டி ஹோல்ல வாகனப் பதிவுப் பக்கம் போய், இந்தக் காரோட சின்ன எக்சிடென்ட் ஒண்டு, சொந்தக்காரன் யார் எண்டு பொய்ப் பேர் ஒண்டக் குடுத்து விசாரிச்சும் இருக்காங்க. கடத்தலுக்கு பத்து நாளுக்கு முதல் அரசாங்க கந்தோர் ஒண்டுல கடத்தினவன்ட நிழல் விழுந்திருக்கு எண்டுறதுதான் இதுல எனக்கு மிச்சம் சுவாரசியமான இடம்.

அடுத்த பிழை, கதை உடனே பேப்பர்லயும் டிவியிலயும் வந்தது. அலிக் பேப்பர் ஆள், நண்பர்கள் எல்லாம் பேப்பர் ஆக்கள், விளம்பரம் பண்ணினா யாராவது பாத்து சொல்லுவாங்க எண்டு நினைச்சிருப்பாங்க. ஆள் வழி தவறிப் போயிருந்தா அது சரி, படத்த எவ்வளவு தூரம் பரப்புறமோ அவ்வளவு நல்லம். கப்பம் கேக்கிற கேஸ்ல அது தலைகீழ். பொலிஸ் உள்ளுக்கு நிக்குது எண்டு கடத்தினவனுக்கு தன்ட வீட்டுல இருந்தே தெரிஞ்சு போயிட்டு, அதவிட வீட்டு லைன் பத்திரிகைக்காரர்ட கோலால அடைச்சுப் போய் கடத்தினவனுக்கே லைன் கிடைக்காத நேரமும் இருந்திச்சாம்.

மொத்தம் 18 கோல் அளவுல வந்திருக்கு. மியூரியல்ட கையெழுத்துல லெட்டரும் வந்திச்சு. கண்ணைக் கட்டி வச்சிருக்காங்க, குளிருது, இவங்க சொல்லுறபடி செஞ்சு என்னை வீட்டுக்கு எடுங்க எண்டு, எழுத்து கோணலும் மாணலுமா. பிறகு வந்த கவர்கள்ல அவ உடுத்திருந்த உடுப்புல இருந்து வெட்டின துண்டுகளும் இருந்திச்சு. குடும்பம் கேட்டது குரல். ஒருக்கா போன்ல கதைக்க விடுங்க எண்டு கெஞ்சிக் கேட்டாங்க. ஒரு தரம் கூட அவட குரல் வரல. இந்த இடத்துல நிண்டு யோசிக்கணும். லெட்டரை ஒரே நாள்ல நாலஞ்சு எழுதி வாங்கி வச்சுட்டு ஒவ்வொண்டா அனுப்பலாம், துணிய ஆள் உயிரோட இல்லாட்டியும் வெட்டலாம். உயிரோட இருக்கா எண்டதுக்கு அத்தாட்சி எண்டா அண்டைக்கு நடந்த ஒண்டச் சொல்லணும், இல்லாட்டி அவவுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்விக்கு மறுமொழி வரணும். குரல் தர மாட்டன் எண்டு ஒருத்தன் வாரக்கணக்கா நிக்கிறான் எண்டா அர்த்தம் என்ன எண்டு நான் சொல்லத் தேவையில்ல. ஜனவரி தொடக்கத்துலயே அவ உயிரோட இருந்திருக்க மாட்டா எண்டுதான் பின்னால எல்லாரும் நினைச்சது.

இதுக்குள்ள வேற கூட்டம். நான்தான் கடத்தினன், காசு தாங்க எண்டு பொய்க் கோல் எடுத்தவங்க, கனவுல கண்டன் எண்டவங்க. குடும்பம் நெதர்லாந்துல இருந்த ஜெரார்ட் குறொய்செட் எண்ட ஞானதிருஷ்டிக்காரர்ட்டயும் போய்க் கேட்டிச்சு, அவர் லண்டனுக்கு வடக்குப் பக்கம் எசெக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் எல்லைய காட்டினார் எண்டு சொல்லுவாங்க. வெள்ளைக்காரனும் இப்படியா எண்டு சிரிக்காதீங்க, மட்டக்களப்பான் மந்திரத்தால பாயோட ஒட்ட வைப்பான் எண்டு பேர் எடுத்த ஊர்க்காரர் நாம, ஒரு மோதிரம் தொலைஞ்சாலே மை போட்டுப் பாக்க போறவங்க. அம்மாவ காணாம ரெண்டு கிழமை இருந்தா யார் வாசல்லயும் போய் நிக்கச் சொல்லும் மனசு. ஆனா விசாரணையில ஆள் பலம் எண்டது அளவானது, பொய்க் கோல் ஒவ்வொண்டுக்குப் பின்னாலயும் பொலிஸ் ஓடத்தான் வேணும், ஓடின நேரம் திரும்பி வராது.

காசு குடுக்கிற கதைக்கு வருவம். 1970 பெப்ரவரி 1, முதல் முயற்சி. அலிக்ட மகன் வேசத்துல ஒரு பொலிஸ்காரர் ரோல்ஸ் ரொய்ஸ்ல போறார். ஒரு போன் பெட்டிக்கு போ, அங்க இருந்து இன்னொரு போன் பெட்டிக்கு போ, அங்க சிகரெட் பெட்டிக்குள்ள குறிப்பு இருக்கு, பிறகு ஏ10 ரோட்டால வடக்கு நோக்கி ஓடு, ரோட்டோரம் கடதாசிப் பூ குத்தியிருக்கிற இடத்துல சூட்கேஸ வை. இவர் வச்சார். ஆனா சுத்தி வர மறைஞ்சு நிண்ட பொலிஸ் கொஞ்சநஞ்சம் இல்ல, அந்த நாட்டுப்புற ரோட்டுல இரவு நேரம் அவ்வளவு வாகனம் போறதப் பாத்தா குருடனுக்கும் விளங்கும். ஒருத்தனும் எடுக்க வரல.

பெப்ரவரி 6, ரெண்டாவது தரம். இந்த முறை அலிக்கும் மகளும் வரணுமாம். அலிக் வேசத்துல ஜோன் மைனர்ஸ் எண்ட டிடெக்டிவ், மகள் வேசத்துல ஒரு பொம்புள பொலிஸ். ரெண்டு சூட்கேசுல அஞ்சு லட்சம் பவுண் மாதிரி அடுக்கின நோட்டு, மேல மட்டும் உண்மை, உள்ள எல்லாம் போலி. போன் பெட்டி, பாதாள ரயில், பிறகு டாக்சி எண்டு அலைக்கழிச்சு கடைசியா பிஷப்ஸ் ஸ்டோர்ட்ஃபோர்ட் எண்ட ஊர்ல ஒரு கராஜ், அங்க நிக்கிற மினிவேன் பக்கத்துல வைக்கச் சொல்லியிருந்திச்சு. வச்சாச்சு. ஒளிஞ்சிருந்த பொலிஸ் பாத்துக்கொண்டிருக்கு. நீல வொல்வோ ஒண்டு மெதுவா வருது, சூட்கேஸப் பாத்துக்கொண்டு போகுது, திரும்ப வருது, திரும்பப் போகுது. எடுக்கல.

அப்பதான் சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியாத சம்பவம். அந்த வழியால போன ஒரு புருசன் பொஞ்சாதி, யாரோ சூட்கேஸ மறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க எண்டு நல்ல மனசுல உள்ளூர்ப் பொலிசுக்கு அறிவிக்க, ஒண்டும் தெரியாத உள்ளூர்ப் பொலிஸ் வந்து சூட்கேஸ தூக்கிக்கொண்டு போயிட்டு. ஸ்கொட்லண்ட் யார்ட், அதாவது லண்டன் பொலிஸ், போட்ட வலைய பக்கத்து ஸ்டேசனே அறுத்த கதை இது. லண்டன்காரன் உள்ளூர்க்காரனுக்கு சொல்லல, அவ்வளவுதான் விசயம். அதுக்குப் பிறகும் கேஸ் தப்பினது ஒரு சின்ன வேலையால, ஒளிஞ்சிருந்தவங்க வொல்வோட நம்பர எழுதி வச்சிருந்தாங்க. எக்ஸ் ஜி ஓ 994 ஜி. முதல் தரமும் பின் லைட் ஒண்டு எரியாத வொல்வோ ஒண்டு அந்தப் பக்கம் சுத்தினது ஞாபகத்துக்கு வந்திச்சு. நம்பர தட்டினா ஆர்தர் ஹொசைன், ரூக்ஸ் ஃபாம், ஸ்டொக்கிங் பெலம், ஹார்ட்ஃபோர்ட்ஷயர்.

ஆர்தர் ஹொசைன் ட்ரினிடாட்ல பிறந்தவன், வயசு 34, தொழில் தையல். பெரிய கமக்காரன் மாதிரி வாழணும் எண்டு அந்தப் பண்ணைய வாங்கினவன். கையில காசில்ல ஆனா வாயில கோடீஸ்வரன், ஊர்ல கிங் ஹொசைன் எண்டு பட்டம். தம்பி நிசாமுதீன் 22 வயசு, அண்ணன்ட சொல்லுக்கு மறுசொல் இல்லாதவன். ஆர்தர்ட மனுசி பிள்ளைகளோட நத்தாருக்கு ஜெர்மனிக்கு போயிருந்தா, அந்த நேரம் பாத்துத்தான் வேலை நடந்திருக்கு.

பெப்ரவரி 7 பொலிஸ் பண்ணைக்குள்ள இறங்குது. கடதாசிப் பூ கிடைக்குது. லெட்டர் எழுதின தாளோட பொருந்துற கொப்பி கிடைக்குது. அந்தக் காட்டுக்கத்தி பக்கத்துக் கமக்காரர்ட, இரவல் வாங்கினது. வீட்டுல விட்டுட்டுப் போன பேப்பர்லயும் கவர்லயும் ஆர்தர்ட ரேகை. அதாவது முதல் நாள் இரவே ரேகை பொலிஸ்ட கையில, ஒப்பிட்டுப் பாக்க ஆள்தான் இல்ல. நிலத்த கிண்டினாங்க, குளம், பத்தை எல்லாம் நாய் விட்டுத் தேடினாங்க, கிழமைக் கணக்கா. மியூரியல் இல்ல. ரெண்டு பேரும் வாய் திறக்கல.

கேஸ் 1970 செப்டெம்பர்ல லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டுல தொடங்கி ஒக்டோபர் 6 தீர்ப்பு. உடல் கிடைக்காமலே கொலைக் குற்றம் நிரூபணம், பிரிட்டன்ல அப்படி வந்த ஆரம்பகாலத் தீர்ப்புகள்ல இதுவும் ஒண்டு. ரெண்டு பேருக்கும் ஆயுள், அதோட கடத்தலுக்கு ஆர்தருக்கு 25 வருசம், தம்பிக்கு 15. பண்ணையில பண்டி வளத்ததால உடல பண்டிக்கு போட்டாங்க எண்டு ஒரு கதை அண்டைக்கே பரவி இண்டைக்கு வரைக்கும் ஓடுது, அதுக்கு ஒரு தடயமும் இல்ல. அந்தக் குடும்பம் இத எத்தனை தரம் காதால கேட்டிருக்கும்.

உடல் இல்லாத சாவு எண்டா என்ன எண்டு இலங்கைக் கிழக்குல யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 1990 செப்டெம்பர் 5 வந்தாறுமூலை பல்கலைக்கழக அகதி முகாம்ல இருந்து கொண்டு போன 158 பேர்ட வீடுகள்ல இருந்து மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால படத்தோட நிக்கிற அம்மாமார் வரைக்கும் நாம பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். அது ஆயுதத்தோட வந்து கொண்டு போனது, இது காசுக்காக ரெண்டு தனி ஆக்கள் செஞ்சது, ரெண்டையும் ஒரே தராசுல வைக்கல. ஆனா வீட்டுக்குள்ள நடக்கிறது ஒண்டுதான். முப்பத்தோராம் நாள் எந்த நாள்ல இருந்து எண்ணுறது? திவசம் குடுக்கலாமா, குடுத்தா நாமளே சாகக் குடுத்த மாதிரியா? 2010ல வந்த தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் காணாமல் போனவருக்கு இறப்புப் பதிவு எடுக்க வழி விட்டிச்சு, 2016ல காணாமற்போன நிலைக்கு எண்டே ஒரு சான்றிதழ் கொண்டு வந்தாங்க, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்களுக்காக. வங்கிக் கணக்கு, காணி எழுத அது உதவும். இடம் எது எண்டு காட்டாது.

மெக்கே குடும்பம் கேட்டதும் அந்த இடத்தத்தான். ஆர்தர் 2009ல ஜெயில்லயே செத்துப் போனான். நிசாமுதீன் 20 வருசம் இருந்துட்டு வெளிய வந்து ட்ரினிடாட்டுக்கு நாடு கடத்தப்பட்டான். 2021 கடைசியில குடும்பம் பிடிச்ச லோயர் ஒருத்தர்ட்ட அவன் முதல் தரமா வாய் திறந்தான்: கொல்லல, டிவியில தன்னப் பத்தின செய்தியப் பாத்துக்கொண்டிருக்கக்க விழுந்து செத்துட்டா, நான்தான் பண்ணைக்குள்ள வேலிக்கரையோட புதைச்சன் எண்டு. அண்ணன் இல்லாத நேரத்துல வாற வாக்குமூலம், தனக்கு வசதியான மாதிரித்தான் இருக்கும், அத மனசுல வச்சுத்தான் கேக்கணும். 2022ல பொலிஸ் ஒரு பகுதிய கிண்டினாங்க, இல்ல. 2024 ஜனவரியில மகளும் பேரனும் ட்ரினிடாட்டுக்கே போய் அவனுக்கு முன்னால இருந்து, பண்ணைப் படத்தக் காட்டி எங்க எண்டு கேட்டாங்க. தன்ட அம்மாவ புதைச்சவன்ட்ட, 80 வயசு தாண்டின மகள். மார்ச்ல பொலிசும் போய் விசாரிச்சிச்சு. அந்த வருசம் ஜூலையில திரும்ப கிண்டினாங்க, திரும்பவும் இல்ல.

குடும்பம் கேட்டது ஒண்டு, அவன ஒருக்கா இங்கிலாந்துக்கு கூட்டி வந்து பண்ணையில நடக்க விடுங்க, காலால நிண்டு காட்டட்டும் எண்டு. நாடு கடத்தின ஆள் எண்டு அதுக்கு அனுமதி கிடைக்கல. சட்டப்படி அது சரியா இருக்கலாம். ஆனா 50 வருசத்துல மரம் வளந்திருக்கு, வேலி மாறியிருக்கு, படத்தப் பாத்து இடம் சொல்லுறது எண்டா வயல்காரன்ட்ட கேட்டுப் பாருங்க, தன்ட வரம்பையே படத்துல காட்ட கஷ்டப்படுவான். கிண்டுறதுக்கு காசும் ஆளும் ரெண்டு தரம் இறக்கினவங்க, பொலிஸ் காவலோட அவனையும் ஒருக்கா இறக்கிப் பாத்திருந்தா அவன் சொல்லுறது மெய்யா பொய்யா எண்டாவது அந்த மண்ணுலயே தெரிஞ்சிருக்கும்.